ரிட்ஸ் பிஸ்கட்டில் செய்த ஆப்பிள் பை சாப்பிட்டவர்கள் உண்டா?

நீலவானம்:
அமெரிக்கா வந்த புதிதில் நடந்தது. பக்கத்து வீட்டுப் பாட்டி ஒரு துண்டு ஆப்பிள் பை (pie, மாவு உறைக்குள் பழம் வைத்துச் சுடும் இனிப்பு) கொடுத்துவிட்டுப் போனார். பட்டை வாசம், லேசான புளிப்பு, வெந்த ஆப்பிள் மாதிரியே அடுக்கடுக்காகக் கழன்று வந்தது. தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது என்ன ஆப்பிள் போட்டீர்கள் என்று கேட்டேன். பதிலே சொல்லாமல் அலமாரியிலிருந்து சிவப்பு ரிட்ஸ் பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே ஆப்பிள் துளிகூட இல்லையாம்! 1930களின் பொருளாதார மந்தத்தில் ஆப்பிள் வாங்க வழியில்லாமல் அவர் அம்மா செய்ய ஆரம்பித்ததாம். இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. வேறு யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா?

தாழ்வாரம்:
நானும் சாப்பிட்டிருக்கிறேன் சகோ, அலுவலக விருந்தில். எனக்கு ஆப்பிளாகத் தெரியவே இல்லை. ஓரத்தில் ஊறாமல் ஒரு ரிட்ஸ், அதன் வளைவு வளைவான விளிம்போடு அப்படியே கிடந்தது. உப்பு வேறு. பாட்டி சொன்ன காரணத்தையும் ஏற்க முடியாது. ரிட்ஸ் வந்ததே 1934இல். அதற்கு முன்பே, 1930இல், வேலை போனவர்கள் நியூயார்க் தெருக்களில் ஆப்பிள் ஒன்று 5 சென்ட் என்று விற்றுக்கொண்டிருந்தார்கள். பிஸ்கட்டில் இந்தப் பை செய்யும் வழக்கமும் 19ஆம் நூற்றாண்டிலேயே உண்டு. செய்முறையைப் பெட்டியில் அச்சடித்ததால் ரிட்ஸ் பெயரில் நிலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

நீலவானம்:
நியூயார்க்கில் விற்றால் எல்லா ஊர் வீட்டுக்கும் கிடைத்ததாக ஆகுமா? அவர் தன் அம்மாவைப் பற்றித்தானே சொன்னார்.

அடுப்படி:
என் மகளின் தோழிகளுக்குச் செய்தேன். ஒருத்தி தட்டை வழித்துவிட்டு, "ஆப்பிளை இவ்வளவு மெல்லிசா எப்படி வெட்டினீங்க ஆன்ட்டி?" என்றாள். அந்த முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது.

தாழ்வாரம் சாப்பிட்டது சரியாக ஊறாதது. செய்கிறவர்கள் இதைக் கவனியுங்கள்: 36 ரிட்ஸுக்கு 2 கப் சர்க்கரை, ஒன்றே முக்கால் கப் தண்ணீர், 2 டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்ட்டர் (புளிப்பான வெள்ளைத் தூள்). பாகு கொதித்ததும் தீயைக் குறைத்து 15 நிமிடம் விடுங்கள். எலுமிச்சைச் சாறும் துருவிய தோலும் சேர்த்து ஆறவைத்து, ஒன்றிரண்டாக உடைத்த ரிட்ஸ் மேல் ஊற்றுங்கள். அப்புறம் கரண்டியே போடக் கூடாது, கிளறினால் கூழாகிவிடும். மேலே பட்டைத் தூள், வெண்ணெய், மூடுவதற்குத் தேய்த்த மாவு, பிறகு ஓவனில் (oven) வைத்துச் சுடுங்கள். வெந்ததும் முழுக்க ஆறவேண்டும். சூட்டில் வெட்டினால் ஒழுகும்.

கிரீம் ஆஃப் டார்ட்டரை விட்டுவிடாதீர்கள். பெயரில்தான் கிரீம், அதில் பால் கிடையாது. நம் புளியில் இருக்கும் அதே டார்டாரிக் அமிலத்தின் உப்புதான் அது. ஆப்பிளில் இருப்பது மாலிக் அமிலம், ஆனாலும் பட்டையோடு சேரும்போது நாக்குக்கு வித்தியாசம் தெரிவதில்லை. அதற்காகப் புளியைக் கரைத்து ஊற்றிவிடாதீர்கள், நிறமும் வாசமும் காட்டிக்கொடுத்துவிடும். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குக் கொடுக்கும் முன் என்ன போட்டது என்று சொல்லிவிடுங்கள். பழம்தானே என்று இரண்டு துண்டு எடுத்துவிடுவார்கள்.

தாழ்வாரம்:
சரி, நன்றாக ஊறியதைக் கொடுத்தால் இன்னொரு முறை சாப்பிட்டுப் பார்க்கிறேன். 1930 பற்றிச் சொன்னதில் மாற்றம் இல்லை.