‘ஆதாரை இணைக்காதது மாணவன் தப்பு’ என்பவர்களுக்கு

பனங்காடு: உதவித்தொகை வராததற்கு மாணவர்களின் சோம்பல்தான் காரணம், ஆதாரை வங்கியில் இணைப்பதே இல்லை என்று நேற்று வேறொரு இழையில் தேர்முட்டி எழுதியிருந்தார். படித்ததும் எரிச்சல்தான் வந்தது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக், அதாவது பத்தாம் வகுப்புக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகையை 2020 டிசம்பரில் திருத்தியபோது ஒன்றியம் 60 சதவீதம், மாநிலம் 40 சதவீதம் என்று பங்கு பிரித்தார்கள். மாநிலம் தன் 40-ஐ விடுவித்த பிறகுதான் ஒன்றியத்தின் 60 மாணவர் கணக்குக்கு வரும். 40 முதலில். அதுவே வராதபோது மாணவன் ஆதாரை இணைத்தால் என்ன, இணைக்காவிட்டால் என்ன?

தேர்முட்டி: முழுசாப் படிச்சிட்டு வாங்க. 40 வந்த பிறகும் 60 திரும்பிப் போற கேஸ்களைத்தான் சொன்னேன். அந்தப் பணம் கணக்கு எண்ணைப் பார்த்துப் போறதில்லை, ஆதார் எண்ணைப் பார்த்துப் போகுது. எந்த ஆதாருக்கு எந்த வங்கின்னு தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம் (என்பிசிஐ) வெச்சிருக்கிற பட்டியல்தான் மேப்பர். அதில் அந்த ஆதாருக்கு எதிரே வங்கி இல்லைன்னா திரும்பிடும். மை ஆதார் தளத்துல நுழைஞ்சா எந்த வங்கின்னு தெரியும். அஞ்சு நிமிஷ வேலை.

பனங்காடு: அஞ்சு நிமிஷமா? உள்ளே நுழைய ஓடிபி வேண்டும். அது ஆதாரில் பதிந்த கைபேசிக்குத்தான் வரும். அந்த எண் அப்பாவின் பழைய சிம்மாக இருந்தால் முதலில் ஆதார் மையத்துக்குப் போய் எண்ணை மாற்ற வேண்டும். பிறகு வங்கி. அங்கே ‘லிங்க் ஆயிடுச்சு, போப்பா’ என்பார்கள். அவர்கள் சொல்வது கேஒய்சிக்காக, அதாவது வாடிக்கையாளர் அடையாளச் சரிபார்ப்புக்காக, தங்கள் ஏட்டில் ஏற்றிய ஆதாரை. மேப்பரில் ஏற்றுவது வேறு வேலை, அதற்குத் தனியாக ஒப்புதல் படிவம் கொடுக்க வேண்டும். இதைச் சொல்லாத கவுன்டர்காரர் சோம்பேறி இல்லை, பதினேழு வயசுப் பையன் சோம்பேறி!

செம்மண்: ரெண்டு பேரும் ஒண்ணை விட்டுட்டீங்க. மேப்பரில் ஒரு ஆதாருக்கு ஒரு வங்கிதான். கடைசியா எது ஏறிச்சோ அதுக்குத்தான் பணம். வேற திட்டத்துக்காகத் தபால்காரர் வீட்டுக்கே வந்து இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியில கணக்கு ஆரம்பிச்சுக் கொடுத்திருப்பார், மேப்பர் அங்கே தாவியிருக்கும். மாணவி பழைய பாஸ்புக்கை வெச்சுக்கிட்டு வரலை வரலைன்னு அலைவாள்.

தேர்முட்டி: இதைத்தானே நானும் சொல்றேன்! பணம் வந்திருக்கு, பார்க்கத் தெரியலை.

பனங்காடு: ‘பார்க்கத் தெரியலை’ என்று நேற்று எழுதினீர்களா, ‘சோம்பல்’ என்று எழுதினீர்களா? வார்த்தையை மாற்றாதீர்கள். 40 முதலில் என்பதற்கு இன்னும் பதில் வரவில்லை.

ஏரிக்கரை: ரெண்டு வருஷம் வரவு செலவு இல்லைன்னா கணக்கு முடங்கிடும், அதுவும் காரணம்.

பனங்காடு: தவறு. உதவித்தொகைக்காகத் தொடங்கிய பூஜ்ய இருப்புக் கணக்கை அந்தக் காரணத்துக்காக முடக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி சொல்லி 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிளையில் மறுத்தால் இதைச் சொல்லி எழுத்தில் கேளுங்கள்.

ஏரிக்கரை: சரி சார், உங்களுக்குத் தெரியாதது உண்டா. ஆனா 60:40 எல்லா மாநிலத்துக்கும் இல்லை. வடகிழக்குக்கு 90:10. அதையும் சேர்த்து எழுதுங்க.

பனங்காடு: 90:10 ஆனாலும் அந்த 10 முதலில் வர வேண்டும். வரிசை மாறாது.

தேர்முட்டி: பழைய முறை நல்லா இருந்ததா? அப்போ கல்லூரிக்கே பணம் போச்சு. இமாச்சலில் உதவித்தொகை மோசடின்னு 2019-ல் சிபிஐ வழக்கு போட்டது மறந்து போச்சா? அதனாலதான் மாணவர் கணக்கு. அதோட 2017-18 முதல் 2019-20 வரை வருஷத்துக்கு ஏறக்குறைய 1,100 கோடி கொடுத்த ஒன்றியம், அதை 6,000 கோடி அளவுக்கு ஏத்துறோம்னு அறிவிச்சதே, அதைப் பேச மாட்டீங்க.

பனங்காடு: பேசுகிறேன். அந்த 1,100 கோடி ஏன் அவ்வளவு குறைவு? ஐந்தாண்டுத் திட்டம் முடிகிற வருஷத்துச் செலவை மாநிலத்தின் ‘கடப்பாட்டுச் சுமை’ என்று தலையில் கட்டினார்கள். அதற்கு மேல் போனதை மட்டும் ஒன்றியம் கொடுத்தது. தாங்களே குறைத்த பங்கைத் திருப்பிக் கொடுத்ததற்குக் கைதட்டச் சொல்கிறீர்கள். 1944-இலிருந்து நடக்கிற திட்டம் இது, யாரும் புதிதாகக் கொடுத்த கொடை இல்லை.

செம்மண்: தொகையைப் பத்தியும் பேசுங்கப்பா. நாலாம் பிரிவில், அதாவது ஐடிஐ, டிப்ளமோ, பிளஸ் ஒன் மாதிரிப் படிப்புக்கு, விடுதி மாணவருக்கு வருஷம் 4,000 ரூபாய். வீட்டிலிருந்து வர்றவருக்கு 2,500. முதல் பிரிவு தொழிற்படிப்பில் விடுதிக்கு 13,500. ஐடிஐ பையனுக்கு மாசம் 333 ரூபாய், பஸ்ஸுக்கும் சோப்புக்குமே போதாது. நடுவில் நின்னுட்டான்னா ஆதாரைக் குத்தம் சொல்லாதீங்க.

ஏரிக்கரை: வருமான வரம்பு இன்னும் 2.5 லட்சம்தான். பொருளாதாரத்தில் நலிந்த உயர்சாதியினர் இட ஒதுக்கீட்டுக்கு மட்டும் 8 லட்சம்.

தேர்முட்டி: வந்துட்டார். எந்த இழையானாலும் 8 லட்சம். அது இட ஒதுக்கீடு, இது உதவித்தொகை. போன மாசமும் இதே சண்டையைப் போட்டு இழையைப் பூட்ட வெச்சது நீங்கதான்.

ஏரிக்கரை: பூட்ட வெச்சது உங்க வாய். ஏழ்மைக்கு நாட்டில் ரெண்டு அளவுகோல் ஏன்னு கேட்டா பதில் இல்லை.

பனங்காடு: ரெண்டு பேரும் வேறு இழைக்குப் போங்கள். முன்பணம் கட்டாமல் சேர்வதற்காக இந்தத் திட்டத்தில் தரும் ஃப்ரீஷிப் கார்டை வைத்திருக்கும் மாணவரிடம் சேர்க்கையின்போது கட்டணம் கேட்கக் கூடாது. கல்லூரி கேட்கிறது, ஏனென்றால் பணம் தன் கைக்கு எப்போது வரும் என்று அதற்கும் தெரியாது. 40 தாமதமானால் 60 தாமதம், 60 தாமதமானால் கல்லூரி சான்றிதழைப் பிடித்து வைக்கும். அசல் சான்றிதழை வைத்துக்கொள்ளக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2018-லேயே சொல்லிவிட்டது. கேட்டால் ‘நிலுவையைக் கட்டு’ என்கிறார்கள். இந்தச் சங்கிலியில் மாணவன் எந்த இடத்தில் சோம்பேறி?

தேர்முட்டி: மேப்பரில்.

பனங்காடு: மேப்பரில் வங்கி சரியாக இருந்தும் பணம் வராதவர்களுக்கு?

தேர்முட்டி: அது மாநிலத்தைக் கேளுங்க. என்னை ஏன் கேக்கறீங்க?

பனங்காடு: அதைத்தான் முதல் வரியிலிருந்து எழுதுகிறேன். 40 முதலில்.

தேர்முட்டி: நானும் முதல் வரியிலிருந்து எழுதறேன், 40 வந்த பிறகு என்ன ஆகுதுன்னு. நாளைக்கு மேப்பர் நிலையை வங்கிக்கிளையில் எப்படி எழுதி வாங்கணும்னு தனி இழை போடறேன், அங்கே வந்து மறுங்க.

செம்மண்: அதில் அந்த 333 ரூபாயையும் போடுங்க.