ஆம்னியில் கூலன்ட் குறைகிறது, இன்ஜின் சத்தமும் வருகிறது: ஹெட்டை இறக்கித்தான் ஆக வேண்டுமா?

காட்பாடி ஆம்னி:
2008 மாடல் மாருதி ஆம்னி வேன், பெட்ரோல். காலையில் பள்ளிப் பிள்ளைகள், மதியம் குடியாத்தம் பக்கம் கடைச் சரக்கு. சில வாரமாக டப்பாவில் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) இறங்கிக்கொண்டே வருகிறது, ஆனால் தரையில் பெரிதாக ஒன்றும் சொட்டவில்லை. ஸ்டார்ட் செய்ததும் சீட்டுக்கு அடியில் கரகரவென்று சத்தம், ஆக்சிலேட்டரை மிதித்தால் அதுவும் கூடவே ஏறுகிறது. ஆயில் மூடியின் உள்பக்கம் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருக்கிறது. ஹெட் கேஸ்கட் (இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டுக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடு) போய்விட்டது, ஹெட்டை இறக்கிவிடலாம் என்கிறார் மெக்கானிக். சரிதானா?

ராணிப்பேட்டை ஸ்பேனர்:
சரிதான், யோசிக்காதீர்கள். வெளியே ஒழுகாமல் குறைகிறது, மூடியில் வெள்ளை, வேறு என்ன வேண்டும்? அந்த 796 சிசி இன்ஜினுக்கு அலுமினிய ஹெட். நன்றாக ஒரு தடவை சூடேறினால் வளைந்துவிடும், அப்புறம் கேஸ்கட் செலவோடு ஹெட்டைச் சமமாக்கும் லேத் செலவும் சேரும்.

சத்துவாச்சாரி கராஜ்:
ஸ்பேனர் அண்ணே, மூடியில் வெள்ளை இருப்பதை வைத்து மட்டும் ஹெட்டைத் தொடக் கூடாது. மார்கழிக் குளிரில் இன்ஜின் முழுதாகச் சூடாவதற்குள் நிறுத்தி நிறுத்தி ஓட்டும் பள்ளி வண்டிக்கு உள்ளே ஈரம் சேர்ந்து அப்படித்தான் படியும். டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் குச்சி) ஆயில் பால் கலந்த மாதிரி இருந்தால் கூலன்ட் ஆயிலில் கலக்கிறது, அது வேறு கதை. ஆக்சிலேட்டரோடு ஏறும் கரகரப்பைக் கேட்டால் எனக்குக் கூலன்டைச் சுற்றவிடும் வாட்டர் பம்பின் பேரிங் மேல்தான் சந்தேகம். பம்புக்கு அடியில் சின்ன ஓட்டை ஒன்று இருக்கும், சீல் தேய்ந்தால் கூலன்ட் அது வழியாகக் கசிந்து சூட்டில் காய்ந்துவிடும், தரைக்கு வரவே வராது. ஆறிய இன்ஜினில் பம்பையும் ஆல்டர்னேட்டரையும் (பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுவது) சுற்றும் பெல்டைக் கழற்றிவிட்டு, ஸ்டார்ட் செய்து ஒரு நிமிடத்துக்குள் நிறுத்திப் பாருங்கள். சத்தம் நின்றுவிட்டால் பம்ப் அல்லது ஆல்டர்னேட்டர், கையால் சுற்றினால் எது என்று தெரிந்துவிடும்.

வாணியம்பாடி லோடு:
நம் ஊரில் தண்ணீர் என்ன உறையவா போகிறது, கூலன்ட் எதற்கு? போர் தண்ணீரை ஊற்றி ஓட்டுங்கள், குறைந்தால் மறுபடி ஊற்றுங்கள்.

சத்துவாச்சாரி கராஜ்:
தயவுசெய்து வேண்டாம். கூலன்ட் உறையாமல் இருக்க மட்டும் இல்லை, கொதிநிலையை ஏற்றுகிறது, துருவைத் தடுக்கிறது. பாலாற்றங்கரைப் பக்கம் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு, ரேடியேட்டர் குழாயில் சுண்ணாம்பாகப் படிந்து அடைத்துவிடும், இன்ஜின் பிளாக்கில் இருக்கும் தகட்டு மூடிகளும் அரித்து ஓட்டையாகும். டிஸ்டில்ட் வாட்டரோடு பாதிக்குப் பாதி கலந்து ஊற்றுங்கள்.

காட்பாடி ஆம்னி:
பெல்டைக் கழற்றியதும் சத்தம் சுத்தமாக நின்றது. பம்ப் புல்லி கையில் ஆடுகிறது, அடியில் பச்சையாகக் காய்ந்த கறை. டிப்ஸ்டிக்கில் ஆயில் தெளிவாகத்தான் இருக்கிறது.

ராணிப்பேட்டை ஸ்பேனர்:
பம்ப் போயிருக்கலாம் தம்பி, அதனால் கேஸ்கட் நன்றாக இருக்கிறது என்று ஆகிவிடாது. இரண்டும் ஒன்றாகப் போன வண்டிகளைப் பார்த்திருக்கிறேன். டெம்பரேச்சர் முள்ளையும் நம்பி ஓட்டாதீர்கள், தண்ணீர் மொத்தமாக இறங்கிவிட்டால் சென்சாரில் வெறும் ஆவிதான் படும், முள் ஏறாமலே இன்ஜின் வெந்துவிடும். பிள்ளைகள் ஏறும் வண்டி.

சத்துவாச்சாரி கராஜ்:
அதற்கும் ஹெட்டை இறக்கத் தேவையில்லை அண்ணே, சோதித்தாலே போதும். பம்ப் மாற்றியதும் ரேடியேட்டர் வாயில் கைப்பம்ப் மாட்டி, மூடியில் போட்டிருக்கும் அழுத்தத்துக்கு ஏற்றி வையுங்கள். கைப்பம்பின் முள் இறங்கி, வெளியே ஈரமே இல்லை என்றால்தான் கூலன்ட் இன்ஜினுக்குள்ளே போகிறது. மூன்று ஸ்பார்க் பிளக்கையும் கழற்றிப் பார்த்து, ஒன்று மட்டும் கழுவிவிட்டது போல் வெளுத்திருந்தால் அந்த சிலிண்டரைச் சந்தேகப்படலாம். ரேடியேட்டர் வாயில் நீல மருந்து வைத்துப் பார்க்கும் சோதனையும் இருக்கிறது, கேஸ்கட் வழியாக இன்ஜின் புகை கூலன்டில் கலந்தால் அது மஞ்சளாக மாறும்.

ராணிப்பேட்டை ஸ்பேனர்:
மஞ்சள் ஆனால் அன்றைக்கே இறக்க வேண்டும், இன்னும் ஒரு வாரம் ஓட்டிப் பார்க்கிறேன் என்று சொல்லக் கூடாது.

சத்துவாச்சாரி கராஜ்:
மஞ்சள் ஆனால் நானே இறக்கச் சொல்வேன். அதுவரை பிள்ளைகளுக்கு வேறு வண்டி ஏற்பாடு செய்யுங்கள். பம்ப் மாற்றும்போது பழைய பெல்டையே திரும்ப மாட்ட வேண்டாம், புதிதாகப் போடுங்கள்.