"டிஆர்பிங்கிறது ஜனங்க போடுற ஓட்டு"ங்கிறவங்களுக்கு

மணவைக்காரன்:
"பரபரப்புச் செய்தியைத் திட்டாதீங்க, ஜனங்க கேட்கிறதைத்தான் சேனல் காட்டுது, டிஆர்பிங்கிறது ஜனங்க போடுற ஓட்டு"ன்னு நேத்து ஒருத்தர் இங்கே எழுதியிருந்தார். படிச்சதிலிருந்து மனசு ஆறல. 2019 அக்டோபர் 25 சாயங்காலம் திருச்சி மாவட்டம் மணப்பாறை பக்கத்துல இருக்கிற நடுக்காட்டுப்பட்டியில ரெண்டு வயசுப் பையன் ஆழ்துளைக் கிணத்துல விழுந்தான். எனக்குப் பக்கத்து ஊரு, மறுநாள் போனேன். சோளக்கொல்லை மிதிபட்டுக் கிடக்கு, நடக்கிற இடமெல்லாம் கேபிள் வயரு. மைக்கோட நின்ன ஒருத்தர் "26 அடியிலிருந்து 70 அடிக்குச் சரிந்துவிட்டான்"னு அதே வரியை நாலு தடவை சொன்னார். ஒவ்வொரு தடவையும் குரல் கொஞ்சம் கூடுதலாத் தழுதழுத்துச்சு. பெத்தவ காதுல விழுற தூரம்தான். இதுக்கு நான் எப்போ ஓட்டுப் போட்டேன்? எந்தச் சேனலை எத்தனை பேர் பார்க்கிறாங்கன்னு டிஆர்பிக்குக் கணக்கெடுக்கிற மீட்டரே எங்க வீட்டுல கிடையாது.

செய்திமேசை:
எழுதினது நான்தான். பேர் சொல்லியே கேட்டிருக்கலாம். 27ஆம் தேதி தீபாவளி. பட்டாசைத் தூக்கிப் பரண்ல போட்டுட்டு டிவி முன்னாடி உட்கார்ந்திருந்தது யாரு? சேனல்காரன் வந்து கட்டிப்போட்டானா? நீங்களும் வேடிக்கை பார்க்கத்தானே போனீங்க?

மணவைக்காரன்:
வேடிக்கை பார்க்கப் போகல, எங்க சொந்தக்காரங்க அங்கே இருக்காங்க. கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க. 2020ல டிஆர்பி கணக்கெடுக்கிற பார்க் (BARC) அமைப்பு நாடு முழுக்க மீட்டர் வச்சிருந்தது சுமார் 44,000 வீட்டுல. அதுல எத்தனை நம்ம தெருவுல இருந்துச்சு? எந்த ஜனங்க ஓட்டு இது?

செய்திமேசை:
ஒரு பானை சோத்துக்கு ஒரு சோறு பதம். உங்க வீட்டம்மாவும் அப்படித்தானே பார்க்கிறாங்க? ஒவ்வொரு பருக்கையா எண்ணுறாங்களா?

மணவைக்காரன்:
வீட்டம்மாவை இழுக்காதீங்க. அந்த ஒரு சோத்துக்கே, அதாவது மீட்டர் வச்ச வீட்டுக்கே, தங்க சேனலைப் பார்க்கச் சொல்லிக் காசு கொடுத்தாங்கன்னுதான் 2020 அக்டோபர்ல மும்பை போலீஸ் வழக்குப் போட்டுச்சு.

செய்திமேசை:
அந்த வழக்கை 2024ல வாபஸ் வாங்கியாச்சு. பாதிச் செய்தியைச் சொல்லிப் பரபரப்பாக்குறது யாருன்னு இப்ப தெரியுதா?

தெற்குச்சீமை:
ரெண்டு பேரும் மீட்டரை விடுங்கப்பா. 2020 அக்டோபர்ல இருந்து 2022 மார்ச் வரைக்கும் செய்திச் சேனலுக்கு ரேட்டிங்கே வெளியிடல. சத்தம் குறைஞ்சுதா? பிரேக்கிங் பட்டை நின்னுச்சா? கத்துறது அவங்களுக்குப் பழகிப்போச்சு.

மணவைக்காரன்:
அப்போ ஜனங்க ஓட்டுங்கிறது பொய்னு நீங்களே சொல்லிட்டீங்க. நன்றி.

தெற்குச்சீமை:
நான் அப்படிச் சொல்லவே இல்ல.

பொன்னி:
அதே நாட்கள்ல தூத்துக்குடியில பெத்தவங்க இந்த லைவைப் பார்த்துக்கிட்டிருந்தப்போ அவங்க ரெண்டு வயசுப் பொண்ணு குளியலறைத் தண்ணியில மூழ்கிப் போச்சு. அதையும் பேசுங்க.

செய்திமேசை:
அதுக்கும் சேனல்தான் காரணமா? பிள்ளையைப் பார்த்துக்க வேண்டியது யாரு?

பொன்னி:
பெத்தவங்களை ஒரு வார்த்தை சொல்லாதீங்க. அன்னைக்கு நானும் என் பிள்ளையை மடியில வச்சுக்கிட்டு விடிய விடியப் பார்த்தேன். "இன்னும் சற்று நேரத்தில்"னு சொல்லிட்டு நகைக்கடை விளம்பரம் போடுவான். எழுந்து போனா குழந்தையைத் தூக்குற நேரத்தை விட்டுடுவோமோன்னு பயம். அந்தப் பயத்தை வச்சுத்தான் எங்களை உட்கார வச்சாங்க. அதுக்குப் பேரு ஓட்டா?

மணவைக்காரன்:
இவர்கிட்ட கேட்டு என்ன பிரயோசனம் தங்கச்சி? 2018ல ஸ்ரீதேவி இறந்தப்போ ஒரு நிருபர் குளியல் தொட்டியில படுத்துக் காட்டினதுக்கே முட்டுக் கொடுத்தவர் இவர்.

செய்திமேசை:
அது தெலுங்குச் சேனல். நான் முட்டும் கொடுக்கல. உங்க கோபம் எதுக்குன்னு எனக்குத் தெரியும். நம்ம தீபாவளி மலர்ல உங்க கவிதையை நான் எடுத்துக்கல, அன்னைக்கு ஆரம்பிச்சது.

மணவைக்காரன்:
கவிதையை நீங்க எடுத்துக்காததுல எனக்கு ஒரு நஷ்டமும் இல்ல. அதுல எழுத்துப்பிழைன்னு சொன்னீங்களே, பிழை எதுன்னு இன்னைக்கு வரைக்கும் காட்டல.

செய்திமேசை:
ஒற்று மிகாத இடத்துல மிகுந்திருந்துச்சு. மூணு இடம்.

தெற்குச்சீமை:
ஐயா, குழந்தை செத்த விஷயத்துல ஒற்றுப்பிழையா?

மணவைக்காரன்:
அவர் ஆரம்பிச்சார். 29ஆம் தேதி விடியக்காலையில பையன் உடலை 88 அடியிலிருந்து எடுத்தாங்க. அத்தனை ராத்திரி அந்த வீட்டு வாசல்ல நின்ன கேமரா ஒண்ணுகூட அடுத்த வாரம் இல்ல. ஜனங்க கேட்டுத்தான் வந்தாங்கன்னா, யாரு கேட்டுப் போனாங்க? மறுபடியும் கேக்கிறேன். மீட்டர் யார் வீட்டுல இருந்துச்சு?

செய்திமேசை:
அடுத்த வாரம் நீங்க போனீங்களா?

மணவைக்காரன்:
போனேன். மீட்டருக்குப் பதில் சொல்லுங்க.