திருமங்கலம், விருதுநகர், சாத்தூர்

பக்கவாதம், தலைக்காயம் போன்றவற்றால் பாதிக்கப்பட்ட பெரியவர்களுக்கு ஸ்பீச் தெரபிஸ்டாக வேலை பார்க்கிறேன். பதினோரு வருடம் ஆகிறது. என்னிடம் வந்தவர்களில் ஒரு ரிட்டயர்டு பஸ் கண்டக்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருக்கிறேன்.

மூளையின் இடப் பக்கம் ரத்தக்குழாய் அடைத்து, வலது கையும் காலும் விழுந்துவிட்டன அவருக்கு. நாம் பேசுவது பெரும்பாலும் புரியும். ஆனால் வாயில் வருவது ஒரே சொல்தான்: "போலாம்". பசித்தாலும் "போலாம்", கோபம் வந்தாலும் "போலாம்". பாரிஸ் ஆஸ்பத்திரி ஒன்றில் 1861-ல் பால் புரோக்கா என்ற டாக்டர் பார்த்த நோயாளிக்கும் இப்படித்தான், "டான்" என்ற ஒரே அசை. அதையே அவருக்குப் பெயராக்கிக் கூப்பிட்டார்கள். அவர் இறந்த பிறகு, மூளையின் இடது முன்பகுதியில் பாதிப்பு இருப்பதைப் புரோக்கா கண்டார். படிக்கும்போது எனக்கு அது பரீட்சைக்கான ஒரு வரி. கண்டக்டர் ஐயாவைப் பார்த்த பிறகு, அத்தனை வருடம் அந்த மனிதர் என்னவெல்லாம் சொல்ல நினைத்திருப்பார் என்றுதான் யோசிக்கிறேன்.

இரண்டாவது நாள் அவருடைய மகள் ஒன்றாம் வகுப்புப் படப் புத்தகம் வாங்கி வந்தார். "குழந்தை மாதிரி ஆயிட்டாரு மேடம். அ, அம்மால இருந்து ஆரம்பிக்கணும்ல?" ஐயா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். மகளைக் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு யாரும் விளக்கவில்லை. முப்பது வருடம் ஓடுகிற பஸ்ஸில் நின்றபடி சில்லறைக் கணக்குப் பார்த்தவர் அவர். அம்மா யார், ஆடு எது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். அந்தச் சொல்லைத் தேடி எடுக்கத்தான் முடியவில்லை. அந்தப் புத்தகத்தை அன்றைக்கே வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன்.

அவர் எந்த ரூட்டில் ஓடினார் என்று மனைவியிடம் கேட்டேன். மதுரை–திருநெல்வேலி. மறுநாள் அவர் எதிரில் உட்கார்ந்து, "திருமங்கலம்..." என்று கண்டக்டர் மாதிரி இழுத்தேன். "விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டி, கயத்தாறு" என்று ஒரே மூச்சில் வந்தது. "பேச்சு வந்துருச்சு டாக்டரம்மா!" என்று அந்த அம்மா அழுதுவிட்டார்.

வரவில்லை என்று நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. எண்கள், கிழமைகள், வருடக்கணக்காகக் கூவிய ஊர்ப் பெயர்கள் எல்லாம் வரிசையாகத் தானே ஓடிவிடும். நாமாகத் தேடி ஒரு சொல்லை எடுப்பது வேறு வேலை. அதை அவர்களுக்குப் புரிய வைக்கிறேன் என்று ஒரு தப்பு செய்தேன். "ஐயா, மகளை எந்த ஊரில் கட்டிக் கொடுத்திருக்கீங்க?" என்று கேட்டேன். கோவில்பட்டியில்தான். ஒரு நிமிடத்துக்கு முன்னால் சொன்ன அதே பெயர். வாயைத் திறந்தார், "போலாம்" என்று வந்தது. கண் கலங்கிவிட்டது. அந்தக் கேள்வியை அன்றைக்குக் கேட்டிருக்கக் கூடாது. இன்றும் உறுத்துகிறது.

அப்புறம் மெதுவாகப் போனோம். "சாத்தூர்..." என்று நான் நிறுத்துவேன், அவர் "கோவில்பட்டி" என்பார், அப்போது மகளின் போட்டோவைக் காட்டுவேன். பல வாரம் கழித்து, நான் எதுவும் சொல்லாமல் போட்டோவை மட்டும் வைத்தேன். அரை நிமிடம் போனது. "கோ... கோவில்..." பக்கத்தில் இருந்த மனைவி மீதியைச் சொல்ல வாயெடுத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். மனதுக்குள் பத்து எண்ணிக்கொண்டு காத்திருங்கள் என்று நான் தினமும் அவரைக் கெஞ்சிக்கொண்டிருந்தேன். "பட்டி" என்பதை ஐயாவே சொல்லி முடித்தார்.

ஸ்பீச் தெரபி என்றால் பேச்சு மட்டும்தான் என்று பலர் நினைக்கிறார்கள். என் நேரத்தில் பெரும்பகுதி விழுங்குவதற்கான பயிற்சியில் போகிறது. "தண்ணிதானே குடுத்தோம்" என்பார்கள். தண்ணீர்தான் ஆபத்து. வேகமாக ஓடும், தொண்டைத் தசைகள் சுதாரிப்பதற்குள் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். இருமினாலாவது தெரியும். சிலருக்கு இருமலே வராது. காய்ச்சல் வந்து நிமோனியா என்று சொல்லும்போதுதான் தெரியவரும்.

மூக்கில் டியூப் போட்டிருந்த ஒரு அம்மாவுக்கு, வீட்டுக்காரர் யாருக்கும் தெரியாமல் ஒரு ஸ்பூன் காபி கொடுத்துவிட்டார். அன்றைக்கு அவரைக் கடுமையாகத் திட்டினேன். ஐம்பது வருடம் காலையில் சேர்ந்து காபி குடித்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. இப்போதெல்லாம் முதல் நாளே, "எதைச் சாப்பிட ஏங்குகிறார்?" என்று கேட்டுக் குறித்துக்கொள்கிறேன். அந்த அம்மாவுக்கு மூக்கு வழியாகச் சின்னக் கேமரா விட்டு, விழுங்குவதைப் பார்த்தோம். கெட்டியாக இருந்தால் சரியாக இறங்குகிறது என்று உறுதியான பிறகு, காபியில் அதைக் கெட்டியாக்கும் பொடியைக் கலந்து கூழ் பதத்துக்குக் கொண்டுவந்து, நிமிர்த்தி உட்காரவைத்து, வீட்டுக்காரர் கையாலேயே கொடுக்கச் சொன்னேன். ஒரு வாய் விழுங்கினார். முகத்தைச் சுளித்துவிட்டு, டம்ளரைக் காட்டினார்.

"டம்ளருக்கு இன்னும் ரெண்டு வாரம் ஆகும்மா" என்றேன். கணவரைப் பார்த்துவிட்டு, அடுத்த ஸ்பூனுக்கு வாயைத் திறந்தார்.