அரை வேர்க்கடலை: பின்கே சாதித்தாரா, பட்டினி கிடந்தாரா?

குடமுருட்டி:
காணும் பொங்கலன்று திருக்கடையூர் எல்கைப் பந்தயத்துக்குத் தங்கை மகனை அழைத்துப் போனது நான்தான். அதனால் வீட்டில் முதல் குற்றவாளியும் நான்தான். தரங்கம்பாடி சாலையில் பெரிய குதிரை வண்டிகள் கிளம்பியதிலிருந்து பையன் வாயைத் திறக்கவில்லை. திரும்பும்போது பைக்கில் பின்னாலிருந்து ஒரே வாக்கியம்: "மாமா, நான் ஜாக்கி ஆகப் போறேன்." வயது 15. பெங்களூரில் பயிற்சி, அப்புறம் துபாய், அப்புறம் இங்கிலாந்து என்று திட்டமே போட்டு வைத்திருக்கிறான்.

வீட்டில் ரணகளம். நான் பையன் கட்சி. என் சாட்சி லஃபித் பின்கே. பனாமாக்காரர், பந்தயக் குதிரை ஓட்டிய ஜாக்கி. அப்பாவும் ஜாக்கி, ஆனால் பிழைப்பு தேடி வெனிசுவேலா போய்விட்டார். மகன் பனாமா ரேஸ் கோர்ஸில் சம்பளமே இல்லாமல், ஓடி வந்த குதிரைகளைச் சூடு தணிய நடத்திக்கொண்டு போகிற வேலையில் ஆரம்பித்தார். 1966-இல் அமெரிக்கா போனார். ஆங்கிலம் வராது. சிகாகோ ஆர்லிங்டன் பார்க்கில் ஏறிய முதல் 11 பந்தயத்தில் 8 வெற்றி. 1999 டிசம்பர் 10 அன்று ஹாலிவுட் பார்க்கில், அமெரிக்க ஜாக்கி பில் ஷூமேக்கரின் 8,833 வெற்றி என்ற உலக சாதனையைத் தாண்டியபோது வயது 52. ஓய்வு பெற்றபோது கணக்கு 9,530. நம் தெருவில் எத்தனை பேர் கடல் தாண்டிப் போகிறார்கள்? ஒருவன் குதிரை ஏறப் போனால் மட்டும் என்ன குடி முழுகிவிடும்?

வேதாரண்யம்விளக்கு:
அண்ணா, பாதிக் கதையைச் சொல்லியிருக்கிறீர்கள். மீதியை நான் சொல்கிறேன்.

பின்கே ஒருமுறை விமானத்தில் போகும்போது கடலைப் பொட்டலம் கொடுத்தார்கள். ஒரே ஒரு கடலையை எடுத்தார். இரண்டாகப் பிளந்தார். ஒரு பாதியைத் தின்றார். பயணம் முடிகிற நேரத்தில் மறுபாதி. இதைப் பந்தயக்காரர்கள் பெருமையாகத்தான் சொல்கிறார்கள். நான் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்ஸ். எனக்கு இதில் பெருமை தெரியவில்லை. குதிரை சுமக்கிற எடைக்குக் கட்டுப்பாடு உண்டு. அதனால் இயல்பிலேயே கட்டுமஸ்தான உடம்பு கொண்ட மனிதர், பல வருஷம் நாளுக்கு ஆயிரம் கலோரிகூட இல்லாமல் 53 கிலோவில் தன்னை நிறுத்திக்கொண்டார். கொள்முதல் நிலையத்தில் ஒரு சாக்கு நெல்லே 40 கிலோ என்பதை வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். நீராவி அறையில் வியர்ப்பது, சிறுநீர் மாத்திரை, தின்றதை வாந்தி எடுப்பது எல்லாம் அந்தத் தொழிலில் புதிதல்ல. 15 வயது என்பது எலும்பு வளர்கிற வயது. உங்கள் தங்கையிடம் இதையும் சொன்னீர்களா?

குடமுருட்டி:
இல்லை. சொன்னால் அன்றைக்கே விவாதம் முடிந்துவிடும்.

ஆனால் விளக்கு, ஒன்று கேட்கிறேன். வளைகுடாவில் ஆடி மாத வெயிலில் கம்பி கட்டுகிற நம் பிள்ளைகள் உடம்பை விற்காமல் வேறு எதை விற்கிறார்கள்? பின்கேக்கு அதற்கு உலக சாதனை கிடைத்தது. இவர்களுக்கு முதுகு வலிதான் கிடைக்கிறது.

கணக்குப்பிள்ளை:
உலக சாதனை என்றதும் ஓடி வந்தேன். அந்தச் சாதனை ஏழு வருஷம்கூட நிற்கவில்லை. 2006 டிசம்பர் 1 அன்று ரஸ்ஸல் பேஸ் அதைத் தாண்டினார். அவரும் பிறந்தது கனடாவின் வான்கூவரில். 2016-இல் விலகியபோது 12,842 வெற்றி. பிறகு அதையும் பிரேசிலின் ஜார்ஜ் ரிக்கார்டோ தாண்டினார். அவரோ அர்ஜென்டினாவுக்குக் குடிபெயர்ந்தவர்.

ஆனால் பேஸ் பெரும்பாலும் ஓட்டியது வட கலிபோர்னியாவில். போட்டி அவ்வளவு கடுமை இல்லை, தினம் நாலைந்து ஏற்றம். எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் நரியைப் பரியாக்குகிற வேலைதான். பின்கேயை எடை போட வேண்டுமென்றால் வேறு தராசு வேண்டும். 1982, 83, 84 என்று மூன்று வருஷம் தொடர்ந்து பெல்மான்ட் ஸ்டேக்ஸ் என்ற பெரிய அமெரிக்கப் பந்தயத்தை ஜெயித்தார், ஒவ்வொரு வருஷமும் வேறு குதிரை. அது ஒன்றரை மைல் ஓட்டம். எங்கே அடக்கி வைப்பது, எங்கே விடுவது என்ற கணக்கு தெரியாதவன் கடைசி வளைவில் காலியாகிவிடுவான். 1987 மார்ச் 14-இல் சான்டா அனிட்டாவில் ஒரே நாளில் 7 வெற்றி. இதை வைத்துப் பேசுங்கள், 9,530-ஐ வைத்து வேண்டாம்.

இன்னொன்று. தனி ஆளாய்ப் போய் ஜெயித்தார் என்பதும் அரைக் கதை. அவரை ஒப்பந்தம் போட்டு அழைத்துப் போனது ஃப்ரெட் ஹூப்பர் என்ற குதிரை முதலாளி. அதற்கு முன்பே, 1960-இல், அதே ஹூப்பர்தான் பனாமாவிலிருந்து பிராவ்லியோ பாயெஸாவைக் கொண்டு வந்தார். பாயெஸா 1963-இல் கென்டக்கி டெர்பி என்ற பெரிய பந்தயத்தையே ஜெயித்துவிட்டார். ஆக, பாதை ஏற்கெனவே வெட்டியிருந்தது. பின்கே அதில் நன்றாக நடந்தார்.

குடமுருட்டி:
காவேரியில் தண்ணீர் விட்டால் எல்லா வாய்க்காலுக்கும்தான் வருகிறது. எல்லா வயலும் ஒரே மாதிரியா விளைகிறது? ஹூப்பர் கூட்டி வந்தவர்கள் இன்னும் சிலர் உண்டு. 9,530 ஒருவருக்குத்தான்.

கணக்குப்பிள்ளை:
மறுபடியும் 9,530!

ரெண்டுவேலி:
தம்பிகளா, என் பெயரைப் பார்த்தாலே விஷயம் புரியும். தாத்தா கையில் நன்செய் ஐந்து வேலி இருந்தது. அதில் இரண்டு வேலி சென்னை கிண்டி ரேஸ் கோர்ஸில் போனது. சனிக்கிழமை ரயிலேறுவார், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி இறங்குவார். பாட்டி கதவைத் திறக்கும்போது முகத்தைப் பார்க்க மாட்டாளாம், செருப்பைத்தான் பார்ப்பாளாம். ஜெயித்திருந்தால் வாசலில் ஒழுங்காகக் கழற்றி விடுவார். இல்லாவிட்டால் ஒன்று இங்கே, ஒன்று அங்கே.

1974-இல் குதிரைப் பந்தயத்தை ஒழிக்க அரசு சட்டம் போட்டது. வழக்கு வருஷக்கணக்கில் நடந்து, 1996-இல் உச்ச நீதிமன்றம் இது திறமை விளையாட்டு, சூதாட்டம் இல்லை என்றது. குதிரைக்குத் திறமை, சரி. ஜாக்கிக்குத் திறமை, சரி. டிக்கெட் வாங்கிய என் தாத்தாவுக்கு என்ன திறமை? 2024-இல் கிண்டி நிலத்தின் குத்தகையை அரசு ரத்து செய்தபோது எங்கள் வீட்டில் பாயசம் வைத்தோம்.

நீங்கள் புகழ்கிற பின்கே 1984-இல் பெல்மான்ட் ஜெயித்தது ஸ்வேல் என்ற குதிரையில். அதே வருஷம் கென்டக்கி டெர்பியும் அதில்தான். பெல்மான்ட் முடிந்த எட்டாவது நாள் அது செத்துப்போனது. மூன்று வயது. அதையும் சாதனைப் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

குடமுருட்டி:
பெரியவரே, தாத்தா நிலத்தை விற்றதற்குப் பனாமாக்காரர் என்ன செய்வார்? ஜாக்கியின் கதையைப் பேசும்போது டிக்கெட் கவுன்ட்டரைக் கொண்டுவந்து நடுவில் போடுகிறீர்கள்.

ரெண்டுவேலி:
கவுன்ட்டர் இல்லாமல் ஜாக்கிக்குக் காசு எங்கிருந்து வருகிறது தம்பி? கோயில் உண்டியலிலிருந்தா?

கிராஞ்சி ரிட்டர்ன்:
இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். திருத்துறைப்பூண்டி பக்கம். சிங்கப்பூர் கிராஞ்சி ரேஸ் கோர்ஸில் 11 வருஷம் சைஸ் வேலை, அதாவது குதிரையைப் பராமரிக்கிற வேலை. 2024 அக்டோபர் 5 கடைசிப் பந்தயம். 1842-இல் தொடங்கிய கிளப்பின் பந்தயம் அன்றோடு முடிந்தது. அந்த நிலம் வீடுகள் கட்டுவதற்குப் போகிறது. நான் ஊருக்கு வந்து மளிகைக் கடை வைத்திருக்கிறேன். ரெண்டுவேலி ஐயாவுக்குப் பாயசம், எனக்கு வேலை போனது.

காலை நாலு மணிக்கு லாயம். முதல் வேலை குதிரையின் நாலு காலையும் தடவிப் பார்ப்பது. உள்ளங்கையால் இல்லை, புறங்கையால். முன்னங்கால் நரம்பில் கொஞ்சம் சூடு தெரிந்தாலும் டிரெய்னரிடம் ஓட வேண்டும். அரை டன் மிருகம் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஓடும்போது அந்தச் சூடுதான் முறிவாகும். மேலே இருப்பவன் கழுத்தும் அதோடு போகும். ஒவ்வொரு பந்தயத்திலும் பின்னாலேயே ஆம்புலன்ஸ் ஓடும். வேறு எந்த வேலையில் ஆம்புலன்ஸ் முன்கூட்டியே கிளம்பி நிற்கிறது, சொல்லுங்கள்.

விளக்கு தங்கச்சி சொல்வது நூற்றுக்கு நூறு நிஜம். அயல்நாட்டிலிருந்து வந்த அப்ரன்டிஸ் பையன் ஒருவன் இருந்தான். எடை பார்க்கிற நாளில் காருக்குள் ஹீட்டர் போட்டு, மேலே பிளாஸ்டிக் கோட்டு மாட்டி உட்கார்ந்திருப்பான். சிங்கப்பூர் வெயிலில்! தர்பூசணித் துண்டை வாயில் போட்டுச் சாற்றை ஊறவைத்து, அப்படியே துப்பிவிடுவான். விழுங்க மாட்டான். நான் அவனுக்கு எதிரில் சோறு சாப்பிடுவதை நிறுத்திவிட்டேன். சேணத்தோடு தராசில் ஏறி, முள் சரியாக நின்றதும் சிரிப்பான் பாருங்கள், பந்தயம் ஜெயித்தால்கூட அப்படிச் சிரிக்க மாட்டான்.

ஆனால் அவன் பாவம் என்று மட்டும் சொன்னால் அவனே கோபப்படுவான். குதிரை மேல் ஏறினால் அவன் வேறு ஆள்.

பின்கே கதையில் யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். 1978-இல் அஃபர்ம்ட் என்ற குதிரையில் ஸ்டீவ் காதன் டிரிபிள் கிரவுன் ஜெயித்தார், அதாவது அமெரிக்காவின் மூன்று பெரிய பந்தயங்களையும் ஒரே வருஷத்தில். 18 வயதுப் பையன், கென்டக்கி மண்ணின் மைந்தன், நாடே கொண்டாடியது. அடுத்த வருஷத் தொடக்கத்தில் சான்டா அனிட்டாவில் அவருக்கு நூறுக்கு மேல் தொடர் தோல்வி. அஃபர்ம்ட்டை அவரிடமிருந்து எடுத்து யாரிடம் கொடுத்தார்கள்? பின்கேயிடம். அதற்குப் பிறகு ஓடிய பந்தயங்களில் அது தோற்கவே இல்லை. பையன் என்ன செய்தான்? இங்கிலாந்துக்குக் கப்பலேறிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே குதிரைக்கு அனுமதிக்கிற எடை கொஞ்சம் கூடுதல், வளர்ந்த உடம்புக்கு மூச்சு விட இடம் இருந்தது. 1984, 85, 87 மூன்று வருஷம் அங்கே சாம்பியன் ஜாக்கி. வந்தேறி வந்து உள்ளூர்க்காரன் சேணத்தில் உட்கார்ந்தான், உள்ளூர்க்காரன் இன்னொரு ஊரில் வந்தேறி ஆனான். இரண்டு பேரையும் நகர்த்தியது தராசு முள்ளும் முதலாளியும்தான். காதன் 32 வயதில் எடையோடு போராடி அலுத்து நிறுத்திவிட்டார். பின்கே 56 வரை நிறுத்தவில்லை. அந்த 24 வருஷ வித்தியாசம்தான் அரைக் கடலை.

வேதாரண்யம்விளக்கு:
அண்ணா, 56-இல் எப்படி நின்றார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். 2003 மார்ச் 1, சான்டா அனிட்டாவில் விழுந்தார். கழுத்து எலும்பு முறிந்தது உடனே தெரியாமல் சில நாள் அதோடு நடமாடிக்கொண்டிருந்தார். டாக்டர்கள் இனி ஏறக்கூடாது என்றதால்தான் நின்றார். அவர் வேண்டாம் என்று சொல்லி நிற்கவில்லை.

கிராஞ்சி ரிட்டர்ன்:
ஆமாம் தங்கச்சி. விட்டிருந்தால் இன்னும் ஏறியிருப்பார். அதைச் சாதனை என்பதா, பழக்கம் என்பதா, எனக்கும் தெரியாது.

கணக்குப்பிள்ளை:
விக்டர் எஸ்பினோசாவை யாரும் சொல்லவில்லையே. மெக்சிகோ சிட்டியில் பஸ் ஓட்டி, அந்தக் காசில் ஜாக்கி பள்ளியில் சேர்ந்தவர். 2015-இல் அமெரிக்கன் ஃபாரோவில் டிரிபிள் கிரவுன். காதனுக்குப் பிறகு 37 வருஷம் யாருக்கும் கிடைக்காதது. 2018-இல் அவருக்கும் கழுத்தில் முறிவு, ஆனாலும் திரும்பி வந்து ஓட்டினார்.

ரெண்டுவேலி:
ஜெயித்தவர்கள் பெயரையே சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த தர்பூசணிப் பையன் என்ன ஆனான் தம்பி?

கிராஞ்சி ரிட்டர்ன்:
ஒரு வருஷத்தில் எடை கையை மீறிவிட்டது ஐயா. அதிகாலைப் பயிற்சிக்கு மட்டும் ஏற்றினார்கள். அப்புறம் வேறு நாட்டுக்குப் போனதாகக் கேள்வி.

குடமுருட்டி:
சரி, எல்லோரும் பேசியாயிற்று. நான் கட்சி மாறவில்லை. நம் புகார்த் துறைமுகத்தில் கடல் வழியாகக் குதிரை வந்து இறங்கியதைச் சங்கப் பாட்டே சொல்கிறது. தரோபிரெட் என்கிற பந்தயக் குதிரை இனமே இங்கிலாந்துக்குக் கிழக்கிலிருந்து போன மூன்று ஆண் குதிரைகளின் வம்சம். குதிரையே குடிபெயர்ந்த சாதி. அதை ஓட்டுகிறவன் மட்டும் குடமுருட்டிக் கரையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டுமா? கிராஞ்சி அண்ணே, நீங்கள் சொல்லுங்கள். பையனை அனுப்பலாமா, கூடாதா?

கிராஞ்சி ரிட்டர்ன்:
பையன் இப்போது எத்தனை கிலோ?

குடமுருட்டி:
47. நேற்று ரைஸ் மில் தராசில் ஏற்றிப் பார்த்தோம். ஒல்லிப்பிச்சான்தான் அண்ணே, அதுதானே நம்பிக்கை.

கிராஞ்சி ரிட்டர்ன்:
எடை இன்றைக்கு இருப்பது. நான் கேட்பது நாளைக்கு. அவன் அப்பா எவ்வளவு உயரம்? செருப்பு என்ன சைஸ்? எங்கள் டிரெய்னர் புதுப் பையன் வந்தால் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் ஷூவைத்தான் பார்ப்பார்.

ரெண்டுவேலி:
எங்கள் பாட்டி மாதிரியே.

குடமுருட்டி:
அப்பா ஆறடிக்கு ஒரு அங்குலம் குறைவு. செருப்பு சைஸ் தங்கையிடம் கேட்டேன். தீபாவளிக்கு 8 வாங்கினாளாம். பொங்கலுக்கு அது கடிக்கிறது என்று 9 மாற்றினாளாம்.

வேதாரண்யம்விளக்கு:
:)

கிராஞ்சி ரிட்டர்ன்:
குடமுருட்டி, எல்கை வண்டிக்கு எடைக் கட்டுப்பாடு கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பையனைக் கடைக்கு அழைத்து வாருங்கள். பக்கத்துத் தெருவில் ஒருவர் எல்கைப் பந்தயத்துக்கு நடுக்குதிரை, அதாவது நடுத்தர அளவுக் குதிரை, கட்டியிருக்கிறார், காலைத் தடவிப் பார்க்கக் கற்றுக்கொடுக்கிறேன். வரும்போது சாப்பிட்டுவிட்டே வரச் சொல்லுங்கள்.