பீப்பாய்க்குள் ஆல்கஹால் எப்படி ஏறும்?

ஊர்சுற்றி:
போன வாரம் அமெரிக்காவின் கெண்டக்கியில் ஒரு போர்பன் விஸ்கி வடிசாலையைப் பார்த்தோம். நான் குடிப்பதில்லை, மனைவியின் ஆசைக்காகப் போனேன். ஆனால் கிடங்குக் கதவு திறந்ததும் வந்த வாசனை இருக்கிறதே! வெனிலாவும் பழைய மரமும் கலந்த மாதிரி. உள்ளே மாடி மாடியாக, மரச் சட்டங்களில் பீப்பாய்கள் படுத்துக் கிடந்தன.

சுற்றிக் காட்டிய பெண்மணி, மேல் மாடிப் பீப்பாய்களில் வருடம் போகப் போக ஆல்கஹால் சதவீதம் ஏறும் என்றார். தண்ணீரைவிட ஆல்கஹால்தானே சீக்கிரம் ஆவியாகும்? குறையத்தானே வேண்டும்? நான் கேட்பதற்குள் கூட்டம் நகர்ந்துவிட்டது.

வேதிவாத்தியார்:
திறந்த தட்டில் வைத்தால் நீங்கள் சொல்வது சரி. பீப்பாய் மூடியிருக்கிறது, எது வெளியேறினாலும் ஓக் மரத்தின் வழியாகத்தான் போக வேண்டும். தண்ணீர் மூலக்கூறு சிறியது, சுலபமாக நுழைந்து போகும். மேல் மாடியில் வெயில் காலத்துக் காற்று சூடாக, உலர்ந்து இருப்பதால் தண்ணீர்தான் அதிகம் போகிறது. ஸ்காட்ச் விஸ்கி ஊறும் ஸ்காட்லாந்தில் குளிர், ஈரக் காற்று. அங்கே தண்ணீர் வெளியேறத் தயங்கும், ஆல்கஹால் போகும், சதவீதம் இறங்கும். மொத்த அளவு இரண்டு ஊரிலும் குறையும். அதைத்தான் 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள்.

பீப்பாயில் ஊற்றும்போது 62.5 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கச் சட்டம். அதற்கப்புறம் ஏறினால் தடையில்லை.

கரிப்பலகை:
போர்பன் என்றால் 2 வருடமாவது ஊற வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது 'ஸ்ட்ரெயிட்' என்ற வகைப் போர்பனுக்கான விதி. வெறும் போர்பனுக்குக் குறைந்தபட்சக் காலம் கிடையாது. மக்காச்சோளம் 51 சதவீதமாவது வேண்டும், உட்புறம் கருக்கிய புது ஓக் பீப்பாய் வேண்டும். புதுசு என்பதால் ஒரு தடவைதான். காலியான பீப்பாய்கள் ஸ்காட்ச்சுக்கும் ரம்முக்கும் போய்விடும்.

ஊர்சுற்றி:
ஓ, அதுதான் விஷயமா! பிளந்த பலகை ஒன்றைக் காட்டினார்கள். கரிக்குக் கீழே, மரத்துக்குள் ஒரு சிவப்புக் கோடு ஓடியது. சாராயம் அதுவரை ஊறிப் போயிருக்கிறதாம். சரி, கீழ் மாடிப் பீப்பாய்க்கு என்ன ஆகும்?

வேதிவாத்தியார்:
குளிர்ச்சி, ஈரம். ஏற்றம் மெதுவாக இருக்கும், சில சமயம் இறங்கவும் செய்யும். அதனால்தான் பல மாடிப் பீப்பாய்களைக் கலந்து பாட்டிலில் அடைக்கிறார்கள். மேக்கர்ஸ் மார்க் என்ற போர்பன் வடிசாலையில் பீப்பாய்களையே மாடி மாற்றி வைப்பார்கள். ஃபோர் ரோசஸ் என்ற இன்னொரு வடிசாலைக்காரர்களுக்கு அந்த வேலையே இல்லை, அவர்கள் கிடங்குகள் ஒற்றைத் தளம்.