கூட்டத்தொடருக்குப் போகும் எம்.எல்.ஏ. கையில் என்ன இருக்கணும்?

ஓய்வுபெற்ற பிரிவு அலுவலர், தலைமைச் செயலகம்:

ஆளுநர் உரை நாள் நெருங்கினாலே தொகுதிக் கோரிக்கைகள் முப்பது, நாற்பது என்று வந்து குவியும். பட்டியல் நீண்டால் துறைக்குத்தான் வசதி, எல்லாவற்றுக்கும் ஒரே பதில் போட்டுவிடலாம். மூன்று வேலை போதும். அந்த மூன்று கோப்பும் எந்த மேஜையில் கிடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

வினா பெரும்பாலும் "பாலம் கட்ட அரசு ஆவன செய்யுமா?" என்றே வரும். "அத்தகைய கருத்துரு ஏதும் அரசிடம் இல்லை" என்று ஒரு வரியில் பதில் முடிந்துவிடும். கோப்பைத் திறக்கவே வேண்டாம். முதலில் கருத்துரு, அதாவது வேலைக்கான முன்மொழிவு, கீழிருந்து கிளம்ப வேண்டும். உதவிக் கோட்டப் பொறியாளர் மதிப்பீடு போட்டு, அது கோட்டப் பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர் என்று மேலே ஏற வேண்டும். அதன்பிறகு "மதிப்பீடு எந்தத் தேதியில் பெறப்பட்டது, நிர்வாக ஒப்புதல் எந்த நிலையில் உள்ளது?" என்று கேளுங்கள். இப்போது தேதி சொல்லாமல் தப்ப முடியாது.

ஊராட்சி ஒன்றியப் பொறியாளர்:

மேலே சொன்னது சரி, ஆனால் அதற்கும் முன்னால் துறை சரியாக இருக்க வேண்டும். மாநில நெடுஞ்சாலை, மாவட்ட முக்கியச் சாலை, மாவட்ட இதர சாலை மூன்றும் நெடுஞ்சாலைத் துறை. ஊராட்சி ஒன்றியச் சாலையும் கிராமச் சாலையும் ஊரக வளர்ச்சித் துறை. ஏரி என்றால் ஆயக்கட்டை (அதில் பாசனம் பெறும் நிலப்பரப்பை) பாருங்கள்: 40 ஹெக்டேருக்கு மேல் நீர்வளத் துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம். 2021-ல் நீர்வளத் துறை பொதுப்பணித் துறையிலிருந்து தனியாகப் பிரிந்தது. அதற்கு முந்தைய மனுவை அப்படியே நகல் எடுத்துப் "பொதுப்பணித் துறை" என்று பெரிய ஏரிக்கும் எழுதுகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

மோசமானது ஏரிக்கரை மேல் போகும் சாலை. கரை ஒரு துறை, மேலே போட்ட தார் இன்னொரு துறை. கரை உள்வாங்கித் தார் பிளந்தால் இருவரும் எதிரெதிரே கைகாட்டுவார்கள். சாலை போடக் கேட்கும் முன் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று வந்துவிட்டதா என்று பாருங்கள். அது இல்லாத மதிப்பீடு திரும்பி வரும்.

எம்.எல்.ஏ. அலுவலக உதவியாளர்:

2022 ஆகஸ்டில் முதலமைச்சர் 234 தொகுதிக்கும் கடிதம் எழுதி, நீண்ட நாளாக நிறைவேறாத பத்துக் கோரிக்கைகளை முன்னுரிமைப்படி ஆட்சியரிடம் தரச் சொன்னார். இன்றைக்கும் எடுத்துப் பார்க்க வேண்டிய பட்டியல் அது. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்ன நிலை என்று குறித்தாலே இந்தக் கூட்டத்தொடருக்கான மூன்று வேலை தானாக மேலே வந்துவிடும்.

தொகுதி மேம்பாட்டு நிதியில் ஆண்டுக்கு 3 கோடி ரூபாய் இருக்கிறது. நிழற்குடை, நியாயவிலைக் கடைக் கட்டடம் எல்லாம் அதில் ஆட்சியர் வழியாக முடியும். அதைப் போய் சபையில் கேட்டு ஒரு வாய்ப்பை வீணாக்கக் கூடாது. வினா-விடை நேரம் நேரலையில் வர ஆரம்பித்த பிறகு, துணை வினாவைக் கேமராவுக்காகக் கேட்பது கூடிவிட்டது. பாராட்டிலேயே பாதி நேரம் போய், கேள்வி வரும்போது பேரவைத் தலைவர் உட்காரச் சொல்லிவிடுகிறார்.

நில எடுப்பு வட்டாட்சியர் அலுவலகத்தில் இருந்தவர்:

ரயில்வே மேம்பாலம் பற்றிக் கேட்பதாக இருந்தால் ஒன்று. தண்டவாளத்துக்கு மேலே உள்ள பகுதியை ரயில்வே கட்டி முடித்திருக்கும், இரண்டு பக்க அணுகுசாலையும் வராமல் நடுத்துண்டு மட்டும் வானத்தில் நிற்கும். "பாலப்பணி எப்போது முடியும்?" என்று கேட்டால் "நில எடுப்புப் பணி நடைபெற்று வருகிறது" என்று வரும். அது பத்து வருடத்துக்கும் உண்மையாக இருக்கும் பதில்!

தமிழ்நாடு நெடுஞ்சாலைகள் சட்டம் 2001-ன் படி முதலில் பிரிவு 15(2)-ன் கீழ் அறிவிப்பு, அதில் ஆட்சேபணை கேட்பார்கள். பிறகு 15(1) அறிவிக்கை அரசிதழில் வரும், அதோடு நிலம் அரசுக்குச் சேரும். இழப்பீடு அதற்குப் பின். ஆகவே கேள்வி இப்படி: மொத்தம் எத்தனை புல எண், 15(1) வெளியானது எத்தனை, இழப்பீடு வழங்கியது எத்தனை? பெரும்பாலும் கடைசி நாலைந்து புல எண்ணில்தான் நிற்கும். தாத்தா பெயரில் பட்டா, வாரிசுகள் ஏழெட்டுப் பேர், உட்பிரிவு ஆகவில்லை. இதற்குச் சபை வேண்டாம், அந்த வட்டத்தின் நில அளவர் போதும்.

பிரிவு அலுவலர் (மறுபடியும்):

காலக்கணக்கையும் சொல்லிவிடுகிறேன். துறைகளின் எண்ணிக்கை விவரங்கள் (பணியிடங்கள், சம்பளம் பற்றிய பட்ஜெட் கணக்கு) முந்தைய ஆண்டின் கடைசியிலேயே நிதித் துறைக்குப் போகத் தொடங்கிவிடும். ஜனவரியில் ஆளுநர் உரை மீது பேசிப் புதிய திட்டத்தை அந்த பட்ஜெட்டில் நுழைப்பது கடினம். மிச்சமிருக்கும் வாசல், துறைவாரி மானியக் கோரிக்கை விவாதத்தின் முடிவில் அமைச்சர் படிக்கும் புதிய அறிவிப்புகள். அந்தப் பட்டியல் சில நாள் முன்பே தயாராகிவிடும். அன்று காலை சீட்டு நீட்டிப் பயனில்லை, பத்து நாள் முன்பாவது செயலாளரைப் பார்த்திருக்க வேண்டும்.

அறிவிப்பு வந்துவிட்டது என்று சுவரொட்டி அடிக்காதீர்கள். அரசாணை எண் வேண்டும். மானியக் கோரிக்கையின்போது துறை தரும் கொள்கை விளக்கக் குறிப்பில் போன வருடத்ததை எடுத்து, அதில் உங்கள் தொகுதி பெயர் வரும் ஒவ்வொரு வரிக்கும் அரசாணை இருக்கிறதா என்று தேடுங்கள். இல்லாதவற்றை, அவை நடவடிக்கைக் குறிப்பின் தேதியும் அமைச்சர் சொன்ன வாசகமும் சேர்த்து, அரசு உறுதிமொழிக் குழுவுக்கு எழுதுங்கள். "ஆய்வு செய்யப்படும்" என்று அமைச்சர் சொல்லியிருந்தால் அது உறுதிமொழி ஆகுமா என்று இழுப்பார்கள், "செய்து தரப்படும்" என்று இருந்தால் துறை பதில் எழுதியே தீர வேண்டும்.